பாசி பிடித்த மாடி: திருச்சுழிச் சத்திரமும் அருப்புக்கோட்டைக் கிட்டங்கியும்

ஆகஸ்ட் இரண்டாவது வாரம், ஒரு வியாழக்கிழமை மதியம் அருப்புக்கோட்டையிலிருந்து அன்வர் பாய் போன் செய்தார். பருத்தி வியாபாரக் குடும்பம். பதினெட்டு வருடம் துபாயில் இருந்துவிட்டுத் திரும்பியவர். பஞ்சு மூட்டை அடுக்கிய அவர்களுடைய பழைய கிட்டங்கிதான் இப்போது அந்த ஊரின் படிப்பகம். அரசுத் தேர்வுக்கும் போலீஸ் தேர்வுக்கும் படிக்கிற பிள்ளைகள் உட்காரும் இடம்.

"தம்பி, கிட்டங்கி மாடியில ஈரம் எறங்கியிருக்கு. கான்ட்ராக்டரு அத எடுத்துட்டுக் கான்கிரீட் போட்ரணும்ங்காரு. திங்கக்கெழம ஆளு வாராக. அதுக்கு முந்தி நீங்க ஒரு எட்டு வந்து பாத்துருங்க. அவுக போட்ட மாடி. உங்ககிட்டக் கேக்காமக் கை வைக்க எனக்கு மனசு வரல."

அவுக என்று அவர் சொன்னது என் மனைவி கல்பனாவை. ஆர்க்கிடெக்ட். பழைய கட்டிடங்களை இடிக்காமல் சரிசெய்து, இன்றைக்கு உதவுகிற மாதிரி மாற்றுவது அவள் வேலை. இந்தப் பக்கம் இரண்டு கட்டிடங்கள் செய்தாள். கிட்டங்கி மாடி வேலை பிப்ரவரி மூன்றாவது வாரம் முடிந்தது. மார்ச் முதல் வாரம் அவள் இறந்துபோனாள். மூளையில் ரத்தக்கசிவு. முப்பத்திரண்டு வயது. இதற்கு மேல் இங்கே எழுத எதுவும் இல்லை.

நான் பாலங்களுக்குக் கணக்குப் போடுகிற ஸ்ட்ரக்சுரல் இஞ்சினியர். கிட்டங்கி வரைபடத்தில் கட்டமைப்பைச் சரிபார்த்தவர் கையெழுத்துக்கு ஒரு கட்டம் உண்டு. அதில் கையெழுத்துப் போடச் சொல்லி கல்பனா என்னிடம் மூன்று முறை கேட்டாள். கட்டைகளுக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தேன். கையெழுத்துப் போடவில்லை. சுண்ணாம்பை எந்தக் கணக்கில் சேர்ப்பது, பேசாமல் கான்கிரீட் போடு என்றேன். கட்டம் காலியாகவே இருக்கிறது. திங்கட்கிழமை இடிக்கப் போகிறார்கள் என்றால் நான் சொன்னதுதான் நடக்கப் போகிறது என்று அர்த்தம். சனிக்கிழமைக்கு லீவு சொல்லிவிட்டு வெள்ளி இரவே மதுரைக்குக் கிளம்பினேன்.

பழைய கட்டிடம் பார்க்க ஊர் ஊராகப் போகிறவர்கள் இந்தத் தளத்தில் நிறைய பேர் இருக்கிறீர்கள். அதனால் நேரம், செலவு எல்லாம் குறித்து வைத்தேன்.

சனி காலை 6.10க்கு மதுரை மாட்டுத்தாவணியில் பஸ். அருப்புக்கோட்டை ஐம்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். டிக்கெட் ஐம்பத்தைந்து ரூபாய். காரியாபட்டி தாண்டியதும் இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம், நடுநடுவே உழுதுபோட்ட கரிசல். கண்மாய்களில் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. மழை பெய்து எத்தனை நாள் என்று பக்கத்து சீட்டுக்காரரைக் கேட்டேன். "நாளாவது? மாசத்தக் கேளுங்க" என்றார்.

7.40க்கு இறங்கினேன். கிட்டங்கி பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரம்தான். ஆனால் அன்வர் பாய் மூன்று மணிக்குத்தான் வரச் சொல்லியிருந்தார். காலையிலேயே போய் நிற்க எனக்கும் தோன்றவில்லை. எட்டு மணிக்குத் திருச்சுழி பஸ் நின்றது. ஏறிவிட்டேன். பதினைந்து கிலோமீட்டர், முப்பத்தைந்து நிமிடம்.

திருச்சுழியில் கல்பனா செய்தது ஒரு சத்திரம். கோயிலுக்கு வருகிறவர்கள் தங்கிப்போக யாரோ ஒரு வியாபாரி கட்டியது. முப்பது வருடமாகப் பூட்டிக் கிடந்து, கூரை விழுந்து, உள்ளே வேலிமரம் முளைத்திருந்ததாம். இப்போது முன்கூடம் பஸ்ஸுக்குக் காத்திருக்கிற பெண்கள் உட்காருகிற இடம். கைப்பிள்ளைக்காரிகளுக்குத் தனி அறை. பின்கட்டில் மகளிர் குழு நடத்தும் கேன்டீன். எட்டு கல்தூண்களில் இரண்டு உடைந்திருந்தன. அவற்றை மாற்றாமல், உடைந்த இடத்தில் இரும்புப் பட்டை போட்டு இறுக்கியிருக்கிறாள். பட்டையை மறைக்கவும் இல்லை. எது பழசு, எது இவள் செய்தது என்று பார்த்த உடனே தெரிகிறது. நான் தூண் தூணாகத் தட்டிப் பார்த்தேன். ஒரு பட்டைகூடத் தளரவில்லை.

இரண்டு தோசை, ஒரு காபி, ஐம்பது ரூபாய். சாப்பிட்டு முடித்து, கூடத்துச் சுவரில் ஒரு காலை மடக்கி ஊன்றிச் சாய்ந்து நின்றேன். கேன்டீன் அம்மா கரண்டியோடு வெளியே வந்துவிட்டார்.

"ஏங்க, கால எடுங்க! வெள்ளச் சுவத்துல செருப்புக் காலு. இஞ்சினியரம்மா கண்ணுல பட்டுச்சுன்னா உங்களயும் வைவாக, என்னயும் சேத்து வைவாக."

"யார் அந்த இஞ்சினியரம்மா?"

"இத நிமித்துனவுக. ஒல்லியா, கண்ணாடி போட்டுருப்பாக. உங்க ஊருல எல்லாம் இடிச்சுட்டுக் கட்டுவாக, இவுக இடிக்காமக் கட்டுவாக. வெளியூர்ல இருந்து படிக்கிற புள்ளைக பஸ்ஸு வச்சு வந்து பாத்துட்டுப் போச்சு, தெரியுமா? இந்தச் செவுத்துச் சுண்ணாம்புல கலக்க என் கையாலதான் கடுக்காத் தண்ணி காச்சுனேன்."

உள்ளேயிருந்து இன்னொரு பெண் குரல் கொடுத்தார். "ஆமா, காச்சுனா. பாதிய அடி புடிக்க விட்டுட்டு."

"அடியே, நீ பேசாம மாவ அரை!"

நான் காலை எடுத்தேன். நான் யார் என்று சொல்லவில்லை. கல்பனா இன்னும் இருக்கிற மாதிரியே அவர் பேசிக்கொண்டிருந்தார். அதைக் கெடுக்கத் தோன்றவில்லை.

மதியம் அருப்புக்கோட்டைக்குத் திரும்பினேன். மூன்று மணிக்குக் கிட்டங்கி வாசலில் அன்வர் பாயும் கான்ட்ராக்டர் முருகேசனும் நின்றார்கள். வாசலுக்கு எதிரே பத்தடியில் விசைத்தறிக் கூடம், பதினாறு தறி. ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்காது. போனில் சத்தம் அளக்கிற ஆப் வைத்திருக்கிறேன். வாசலில் 84 டெசிபல் காட்டியது. கதவை மூடிக்கொண்டு உள்ளே போனதும் 43. இரண்டடிச் சுண்ணாம்புச் சுவர். தறிப் பக்கம் ஒரு ஜன்னல்கூட வைக்காமல், பின்முற்றத்தைத் திறந்து வெளிச்சத்தை முழுக்க அங்கிருந்து எடுத்திருக்கிறாள். நாற்பது பேர் தலை நிமிராமல் படித்துக்கொண்டிருந்தார்கள். பேப்பர் புரட்டுகிற சத்தம் கேட்டது. வரைபடத்தில் இதைப் பார்த்தபோது, ஒரு பக்கம் முழுக்க இருட்டாக இருக்குமே என்றுதான் நான் சொல்லியிருந்தேன். இருட்டாக இல்லை.

மேலே பார்த்தேன். இந்த வகை மாடியை ஊரில் கட்டைக்குத்து மாடி என்பார்கள். தேக்குக் கட்டைகளை வரிசையாகப் போட்டு, அதன்மேல் செங்கல்லைக் குத்துவாட்டில் சுண்ணாம்பில் பதித்து, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டிப் பெண்கள் நாள்கணக்கில் பலகையால் அடித்து இறுக்குவார்கள். கடைசியாக மேலே தட்டையான ஓடு பதிப்பார்கள், அதுதான் தட்டோடு. பழைய மாடியில் இடிந்து விழுந்திருந்த பகுதியின் கட்டைகளில் நல்லதாகப் பொறுக்கி எடுத்தே கல்பனா இதைப் போட்டிருந்தாள்.

மாடிப்படிப் பக்கத்து மூலையில் ஒரு பெரிய சாப்பாட்டு மேசை அளவுக்குக் கறை. ஓரத்தில் உப்பு பூத்திருந்தது. அதற்குக் கீழே இருந்த நாற்காலிகளை எடுத்துவிட்டிருந்தார்கள்.

"சார், நான் அவுகள ஒண்ணும் சொல்லல" என்றார் முருகேசன். "அவுக வேலையப் பாத்து நானே ரெண்டு விசயம் கத்துக்கிட்டேன். ஆனா கீழ உக்காந்திருக்கறது ஊராம் புள்ளைக. நாளைக்கு ஒண்ணுன்னா மாடி தாங்கும்னு எழுதிக் குடுத்தது ஆருன்னு கேப்பாக. வரைபடத்துல கையெழுத்து இல்ல. நீங்க எழுதிக் குடுங்க, நான் ஆள நிறுத்திர்றேன்."

"முருகேசனுக்குக் கான்கிரீட்டுன்னா ஒரு ஆச" என்றார் அன்வர் பாய். "கல்யாண மோதிரத்தக்கூடக் கான்கிரீட்டுல ஊத்தியிருப்பாரு."

முருகேசன் சொன்னது சரி. நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். ஏணி போட்டு ஏறி, கட்டையின் ஈரத்தைக் கருவியால் அளந்தேன். கறைக்கு வெளியே 12 சதவீதம். கறைக்குள், சுவரில் கட்டை நுழையும் இடத்தில் 31. இருபதுக்கு மேல் நீண்ட நாள் இருந்தால் மரம் உளுத்துவிடும். ஸ்குரூடிரைவரால் குத்திப் பார்த்தேன், உள்ளே போகவில்லை. நூல் கட்டி அளந்ததில் மூன்றே கால் மீட்டர் கட்டை 6 மில்லிமீட்டர் தொய்ந்திருந்தது. 9 வரை அனுமதிக்கலாம். இன்றைக்கு மாடி நிற்கிறது. இப்படியே ஈரம் இருந்தால் நிற்காது. ஈரம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் கேள்வி. மழை இல்லை, மாடியில் தண்ணீர்த் தொட்டி இல்லை, குழாய் இல்லை. கோடையில்தான் கறை பெரிதானது என்று இரண்டு பேருமே சொன்னார்கள்.

மாடிக்குப் போனேன். கால் வைக்க முடியாத சூடு. ஓடுகள் எலும்பு மாதிரிக் காய்ந்து கிடந்தன. ஆனால் படியை ஒட்டிய மூலையில், ஓட்டு இடுக்குகளில், பச்சையாக ஏதோ இருந்தது. குனிந்து நகத்தால் சுரண்டினேன். பாசி. மாதக்கணக்கில் மழை பார்க்காத அருப்புக்கோட்டையில், மொட்டைமாடியில் பாசி.

அன்வர் பாயிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "நம்மூருலயா?" என்றார்.

வெயில் ஏறுவதற்கு முன்னால் மாடி எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும், காலையில் வருகிறேன் என்று சொல்லிவிட்டு லாட்ஜுக்குப் போனேன். பஸ் ஸ்டாண்டிலிருந்து ஐந்து நிமிட நடை, ஏசி இல்லாத அறை எழுநூறு ரூபாய், சுத்தமாக இருந்தது.

ஞாயிறு காலை 5.45. கிட்டங்கிக் கதவு திறந்திருந்தது. மாடிப்படி ஈரமாக இருந்தது. மேலே நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, பிளாஸ்டிக் குடத்திலிருந்து தண்ணீரை ஓட்டின்மேல் ஊற்றிக்கொண்டிருந்தார். நின்ற இடம் படியை ஒட்டிய மூலை. பக்கத்தில் இன்னும் இரண்டு குடம்.

"என்ன செய்றீங்க?"

அவர் பயப்படவில்லை. "பாத்தா தெரியல? நனைக்கிறேன். நீங்க ஆரு?"

சொன்னேன். குடத்தைக் கீழே வைத்தார். பெயர் ஜெயராணி. மாடி வேலையில் பலகை அடித்த பெண்களில் ஒருவர். வேலை முடிந்ததும் கட்டிடத்தின் சாவியை அவரிடம்தான் கொடுத்திருக்கிறார்கள். காலையில் கூட்டித் துடைத்துவிட்டு எட்டு மணிக்குள் தறிக் கூடத்து வேலைக்குப் போய்விடுவார்.

"கடைசியா வந்தப்போ அவுக சொல்லிட்டுப் போனாக சார். 'ஜெயராணியக்கா, சுண்ணாம்பு மாடி, காஞ்சா வெடிச்சுரும். தெனம் நனைங்க. நான் வந்து பாத்துப் போதும்னு சொல்ற வரைக்கும் நிறுத்தாதீங்க'ன்னு."

"அது மூணு வாரத்துக்குத்தாங்க."

"மூணு வாரம்னு அவுக சொல்லலயே. நான் வந்து சொல்ற வரைக்கும்னுதான் சொன்னாக. அப்புறம் அவுக தவறுன சேதி வந்துச்சு. பாயி சொல்லி அழுதாக. எனக்கு மொத நெனப்பு, இனிமே மாடிய ஆரு வந்து பாப்பாகன்னுதான். ஆராச்சும் வருவாக, வந்து சொல்லட்டும், அதுவரைக்கும் நாம ஊத்துவோம்னு இருந்துட்டேன்."

"கீழே கறை விழுந்தது தெரியலையா?"

"தெரியாம என்ன? அதப் பாத்துத்தான் சுண்ணாம்பு இன்னும் இறுகலன்னு நெனச்சு ரெண்டு கொடம் கூடச் சேத்து ஊத்துனேன்."

நான் கணக்குப் போடுகிற ஆள். அங்கே நின்றுகொண்டே போட்டேன். முதலில் ஆறு குடம், பிறகு எட்டு. சராசரி ஏழு. குடம் பதினைந்து லிட்டர். நூற்றெழுபது நாள். ஏறக்குறைய பதினெட்டாயிரம் லிட்டர். தெருக்குழாயில் வாரத்துக்கு ஒருமுறை தண்ணீர் வருகிற ஊரில், வரிசையில் நின்று பிடித்து, பத்தொன்பது படி தூக்கி ஏறி ஊற்றியிருக்கிறார். கத்திரி வெயிலில் ஒருநாள் விட்டீர்களா என்று கேட்டேன். "தம்பி மகளுக்குச் சடங்கு, ஒருநாள் போயிட்டேன். அன்னைக்குப் பக்கத்து வீட்டுக்காரிய ஊத்தச் சொல்லிட்டுத்தான் போனேன்" என்றார்.

பாலத்தில் கான்கிரீட் போட்டால் இருபத்தெட்டு நாள் கழித்து அதன் பலத்தைச் சோதிப்போம். இந்தச் சுண்ணாம்பு இவ்வளவு தண்ணீரைக் குடித்துவிட்டு ஒரே ஒரு மூலையில்தான் கசிந்திருக்கிறது, அதுவும் தினமும் முதல் குடம் விழுகிற மூலை. மற்ற இடமெல்லாம் கீழே 12 சதவீதம். எந்த ஆய்வுக்கூடத்திலும் இப்படி ஒரு சோதனை செய்து நான் பார்த்ததில்லை.

ஜெயராணி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு வேண்டியது ஒரு வார்த்தைதான் என்று எனக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. கல்பனா வந்து சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை.

"போதும்க்கா" என்றேன். "நல்லா இறுகிருச்சு. இனிமே காய விட்டுருங்க."

"நெசமாவா?"

"நெசமா."

அவர் இடுப்பில் கை வைத்து மாடியை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். "அப்பச் சரி" என்றார். பிறகு, "இந்த ரெண்டு கொடத்த என்ன செய்ய? நல்ல தண்ணி. ஒண்ண நீங்க தூக்குங்க" என்றார். ஆளுக்கு ஒன்றாகத் தூக்கிக்கொண்டு இறங்கி, படிப்பகத்துக் குடிதண்ணீர்ப் பானையில் ஊற்றினோம். ஒன்பது மணிக்கு வந்த பிள்ளைகள் அதைத்தான் குடித்தார்கள்.

முருகேசனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. "இவ்வளவு தண்ணிக்கு நான் போட்ட கான்கிரீட்டே ஒழுகியிருக்கும்" என்றார். திங்கட்கிழமை வரவேண்டிய ஆட்களை நிறுத்தினார். மூலைக்கு அடியில் நான்கு முட்டுக் கொடுத்து, ஆறு வாரம் அப்படியே காய விடுவது, பிறகு பாரம் ஏற்றிப் பார்ப்பது, அதுவரை நான் எதிலும் கையெழுத்துப் போடுவதில்லை என்று முடிவு செய்தோம்.

செப்டம்பர் கடைசியில் திரும்பப் போனேன். கட்டையின் ஈரம் 15 சதவீதத்துக்கு இறங்கியிருந்தது. முட்டுகளைக் கழற்றி, தாங்கவிடாமல், விழுந்தால் மட்டும் பிடிக்கிற மாதிரி ஓரங்குலம் கீழே இறக்கி வைத்தோம். நாற்காலிகளை அகற்றி, படிப்பகத்தை ஒருநாள் மூடி, முப்பது கிலோ மணல் மூட்டை ஐம்பதை அந்த மூலையில் ஏற்றினோம். ஏற்றியது போலீஸ் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள். "ஏலே, செலக்‌ஷன்ல இத விடக் கம்மியாத்தான் தூக்கச் சொல்வாக" என்று ஒருத்தனை ஒருத்தன் கிண்டல் செய்துகொண்டே ஏறினார்கள். ஜெயராணி படியில் நின்று, ஓட்டில் மூட்டையை எறியாதே, இறக்கி வை என்று அதட்டிக்கொண்டிருந்தார். இருபத்துநாலு மணி நேரம். கட்டை 3 மில்லிமீட்டர் இறங்கியது. மூட்டைகளை எடுத்ததும் கிட்டத்தட்ட முழுதாகத் திரும்பி மேலே வந்துவிட்டது. அரை மில்லிமீட்டர் மட்டும் பாக்கி.

அன்வர் பாய் வரைபடத்தை விரித்து வைத்தார். கல்பனாவின் கையெழுத்துக்குப் பக்கத்தில் இருந்த காலிக் கட்டத்தில் கையெழுத்துப் போட்டேன். வெளியே வந்தபோது பாய் வாசலில் நின்ற ஒருவரிடம் என்னை அறிமுகம் செய்தார். "நம்ம இஞ்சினியரம்மா வீட்டுக்காரரு. இவுகளும் இஞ்சினியருதான்." அந்த வரிசையில் சொன்னதுதான் சரி.

போக நினைப்பவர்களுக்கு: இரண்டு கட்டிடத்தையும் ஒரே நாளில் பார்க்கலாம். முதலில் திருச்சுழி, பிறகு அருப்புக்கோட்டை. மதுரையிலிருந்து போய்த் திரும்ப, சாப்பாடு சேர்த்து ஒருவருக்கு நானூறு ரூபாய்க்குள் முடியும். சத்திரத்தைக் காலை ஆறிலிருந்து மாலை ஏழு வரை பார்க்கலாம், ஆண்கள் முன்கூடம் வரைதான். சுவரில் கால் வைக்க வேண்டாம். கிட்டங்கிக்குள் பேசக்கூடாது, போனை அணைத்துவிடுங்கள். முதலில் வாசலில் இரண்டு நிமிடம் நின்று தறிச் சத்தத்தைக் கேட்டுவிட்டு உள்ளே போனால்தான் அந்தச் சுவரின் அருமை தெரியும். மாடியையும் பார்க்க வேண்டுமானால் ஊரில் ஓர் இரவு தங்கி, காலை எட்டு மணிக்கு முன்னால் ஜெயராணியிடம் கேளுங்கள். அடித்து இறுக்கிய கதையை அவரே சொல்வார். கையில் தண்ணீர் பாட்டில் இருந்தால் மேலே கொண்டுபோக விடமாட்டார், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இதை எழுதி முடிக்காமல் வைத்திருந்தேன், ஒரு விஷயம் பாக்கி இருந்தது. இன்று காலை ஜெயராணியிடமிருந்து அந்தப் போனும் வந்துவிட்டது. நேற்று சாயங்காலம் அருப்புக்கோட்டையில் இந்த வருடத்தின் முதல் பெருமழையாம், இரண்டு மணி நேரம். மழை நிற்கும்வரை ஜெயராணி அந்த மூலைக்கு அடியில் ஒரு நாற்காலியைப் போட்டு, அண்ணாந்து பார்த்தபடியே உட்கார்ந்திருந்திருக்கிறார்.

"ஒரு சொட்டு எறங்கல சார்."

"ஓரத்துல, சுவரை ஒட்டி?"

"தொட்டுப் பாத்துட்டேன். காஞ்சு கெடக்கு."

"நிஜமாவே ஒரு சொட்டுகூட இல்லையா?"

"இதென்ன சார், திருப்பித் திருப்பிக் கேக்கிறீக? அவுக போட்ட மாடி. வேற எப்பிடி இருக்கும்?"